கதைக்குக் குறிப்பெடுப்பது எப்படி: அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

நான் எழுதுவது பெரும்பாலும் பழைய சென்னையில் நடக்கிற கதைகள். கடைசியாக எழுதிய நாவலின் நடுவில் ஒரு ராத்திரி வருகிறது. 1914 செப்டம்பர் 22, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்ட ராத்திரி. கப்பல் வந்து சுட்டுவிட்டுப் போனது அரை மணி நேரம்கூட இல்லை. அதை எழுத எனக்கு நான்கு வருஷம் ஆனது. அந்த நான்கு வருஷத்தில் என்ன செய்தாய், எங்கே தேடினாய், எப்படிக் குறித்துவைத்தாய் என்று எழுத ஆரம்பித்திருக்கும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிப்பதால் எல்லாவற்றையும் இங்கே கொட்டிவிடுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அந்த எம்டன் ராத்திரியிலிருந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வை எல்லாம் முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார வேண்டுமா?

வேண்டாம். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், ஒரு வருஷம் போனதே தெரியவில்லை. கப்பலின் நீள அகலம், கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர், நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கி வைத்து பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டது, கடைசியில் நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டுத் தரைதட்டியது என்று ஒரு குயர் நோட்டு நிரம்பிவிட்டது. என் கதாநாயகியோ மயிலாப்பூரில் ஒரு வீட்டில் இருக்கும் பதினாறு வயதுப் பெண். பெயர் கோமளம். அந்த நோட்டில் இருந்த எதுவும் அவளுக்குத் தெரியாது. அதாவது நான் ஒரு வருஷம் உழைத்து அவளுக்குத் தெரியாத விஷயங்களை எல்லாம் தெரிந்துகொண்டிருந்தேன்.

இப்போது தலைகீழாகச் செய்கிறேன். மனதில் உள்ளதை வைத்து முதலில் எழுதிவிடுவேன், தெரியாத இடம் வந்தால் மூன்று கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். "கோமளம் ??? விளக்கைத் தணித்தாள்." அப்புறம் அந்தக் கேள்விக்குறிகளை மட்டும் தேடிப்போவேன். ஒரு அத்தியாயத்துக்குப் பத்துப் பதினைந்து வரும், அவ்வளவுதான். கதையே எதைத் தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

கையால் நோட்டில் எழுதுவதா, செல்போனிலா?

எது கையில் இருக்கிறதோ அது. பஸ்ஸில் யாரோ பேசுவது காதில் விழுந்தால் செல்போன்தான் வசதி, எனக்கு நானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வேன். நூலகத்தில் லாங் சைஸ் நோட்டு. பல ஆவணக் காப்பகங்களில் பேனா விடமாட்டார்கள், பென்சில் கொண்டுபோங்கள், கூடவே ஒரு துருவியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்போனில் சேர்ந்ததை எல்லாம் நோட்டில் கையால் எழுதுவேன். இந்த ஒரு வேலையை மட்டும் விடுவதில்லை. கையால் எழுதும்போது பாதி குப்பை என்று தானாகத் தெரிந்துவிடும், எழுதச் சோம்பலாக இருக்கிற குறிப்பு தேவையில்லாத குறிப்பு.

குறிப்பில் என்னதான் எழுதுவீர்கள்?

பக்கத்தை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரிப்பேன். இடது பக்கம் "எனக்குத் தெரிந்தது". வலது பக்கம் "அவளுக்குத் தெரிந்தது". இடது பக்கம் ஒரு தகவல் எழுதியதும் அதற்கு நேர் எதிரே, அன்று அந்த இடத்தில் இருந்த என் பாத்திரத்துக்கு அது எந்த ரூபத்தில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எழுத வேண்டும். போய்ச் சேரவே சேராது என்றால் வலது பக்கம் வெறுமனே கிடக்கும். ஒரு பக்கம் முழுக்க வலது பக்கம் காலியாக இருந்தால் நான் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு பக்கத்தைக் காட்டிவிடுகிறேன். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது: எரிந்தது பர்மா ஆயில் கம்பெனியின் மண்ணெண்ணெய்.
அவளுக்குத் தெரிந்தது: கிருஷ்ணாயில் நாத்தம். அவள் "மண்ணெண்ணெய்" என்று சொல்லமாட்டாள். கிருஷ்ணாயில் டின்னில் தண்ணீர் பிடித்துவைக்கும் வீடு.

எனக்குத் தெரிந்தது: கலங்கரை விளக்கம் அப்போது உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்தில் இருந்தது, 1894லிருந்து.
அவளுக்குத் தெரிந்தது: மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் சுற்றிச் சுற்றி வரும் வெளிச்சம் என்று மாமா சொல்லியிருக்கிறார். (சுற்றுமா? மின்னி மின்னி மறையுமா? பார்க்கணும். இல்லையென்றால் "வெளிச்சம்" போதும்.)

எனக்குத் தெரிந்தது: கப்பல் துறைமுகத்துக்கு மூன்று கிலோமீட்டருக்குள் நின்று சுட்டது.
அவளுக்குத் தெரிந்தது: ஒன்றும் இல்லை.

எனக்குத் தெரிந்தது: கபாலீஸ்வரர் கோயிலிலிருந்து துறைமுகம் சுமார் 7 கிலோமீட்டர்.
அவளுக்குத் தெரிந்தது: முதலில் வெளிச்சம். சத்தம் வர 20 விநாடி ஆகும்! மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன், ரொம்ப நேரம். அந்த இருபது விநாடியில் யாராவது ஏதாவது பேசியிருப்பார்கள்.

கடைசிக் குறிப்புதான் அந்த அத்தியாயத்தையே மாற்றியது. அதற்கு முன்னால் நான் வெளிச்சமும் இடியோசையும் ஒரே நேரத்தில் வந்த மாதிரி எழுதியிருந்தேன், சினிமாவில் வருகிற மாதிரி. ஒலி ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 340 மீட்டர் போகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், கதை எழுதும்போது ஞாபகம் வராது. இருபது விநாடி கிடைத்ததும் கோமளத்தின் அத்தை வானத்தைப் பார்த்து "மழை வரும்போலிருக்கே, வடாம் எடுத்தியோடி?" என்று கேட்கிறாள். எனக்கு அந்த நாவலில் ரொம்பப் பிடித்த வரி அது.

பெரிய தப்பு ஏதாவது செய்திருக்கிறீர்களா?

செய்யாமலா. அதே அத்தியாயத்தின் முதல் பிரதியில் கோமளம் நிலா வெளிச்சத்தில் மாடிப்படி ஏறுகிறாள். நிலாவைப் பற்றி நாலு வரி அழகாக எழுதியிருந்தேன், எனக்கே பெருமையாக இருந்தது. பிரதியைப் படித்த நண்பரின் அப்பா பஞ்சாங்கம் பார்க்கிறவர். போன் செய்து "தம்பி, அன்னிக்கு நிலா எங்கேருந்து வந்தது?" என்றார்.

கணக்குப் போட்டுக் காட்டினார். 1914 ஆகஸ்ட் 21 அன்று சூரிய கிரகணம், ஐரோப்பாவில் முழுக் கிரகணமாகத் தெரிந்தது. சூரிய கிரகணம் என்றால் அமாவாசை. அதிலிருந்து இருபத்தொன்பதரை நாள் தள்ளினால் செப்டம்பர் 19 வாக்கில் அடுத்த அமாவாசை. ஆக 22ஆம் தேதி மூன்றாம் பிறை, ராத்திரி எட்டு மணி வாக்கிலேயே அஸ்தமித்துவிடும். எம்டன் சுட ஆரம்பித்தது ஒன்பதரை மணி வாக்கில். கும்மிருட்டு. இருட்டில் கடலில் இருந்து ஒரு கப்பல் சர்ச்லைட் போடுவதற்கும் நிலா வெளிச்சத்தில் போடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம், யோசித்துப் பாருங்கள்.

அவர் அதோடு விடவில்லை. புரட்டாசியில் வருகிற அமாவாசை மகாளய அமாவாசை, மறுநாள் நவராத்திரி ஆரம்பம், ஆக எம்டன் வந்தது நவராத்திரி மூன்றாம் நாள், வீட்டில் கொலு இருந்திருக்குமே, கொலு எங்கே என்றார். எனக்கு வாயடைத்துப்போனது. மயிலாப்பூரில் ஒரு வீடு, நவராத்திரி, பதினாறு வயதுப் பெண், நான் கொலுவே வைக்கவில்லை! நாலு வரி நிலா போய் நாற்பது பக்கம் கொலு வந்தது. சுண்டல், வெற்றிலை பாக்கு, பாட்டுப் பாடச் சொல்லி வற்புறுத்தும் பெண்கள், படியில் குலுங்கிய செட்டியார் பொம்மை, எல்லாம் அந்த ஒரு போன்காலில் வந்தது.

அன்றிலிருந்து தேதி குறிப்பிட்டு எந்தக் காட்சி எழுதினாலும் முதலில் கிழமை, திதி, மாதம், பண்டிகை என்ற நான்கையும் நோட்டின் தலையில் எழுதிவிடுகிறேன். 22 செப்டம்பர் 1914: ஆனந்த வருஷம், புரட்டாசி, செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பிறை, நவராத்திரி.

எங்கே போய்த் தேடுவது?

நான் போன இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்த புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் அங்கே இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்குக் கனமான வரலாற்றுப் புத்தகத்தைவிட நாடக நோட்டீசும் மருந்து விளம்பரமும் உதவும். விளம்பரத்தில்தான் ஜனங்கள் எதற்கு ஆசைப்பட்டார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பது தெரியும். எழும்பூரில் கன்னிமாரா நூலகம், 1896இல் திறந்தது. அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இங்கே அரசாங்கக் கோப்புகள். பார்க்க அனுமதிக் கடிதம் வேண்டும், கேட்ட கோப்பு வரக் காத்திருக்க வேண்டும், வந்த கோப்பு வேறாக இருக்கலாம். பொறுமை இல்லாதவர்கள் போக வேண்டாம். ஆனால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி இன்னொரு வெள்ளைக்கார அதிகாரிக்குப் பதற்றத்தில் எழுதிய கடிதத்தைக் கையில் தொட்டுப் படிப்பது தனி சுகம்.

வீட்டில் உட்கார்ந்தபடியே என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, ஆயிரக்கணக்கான பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். மதுரைத் திட்டத்தில் இலக்கியங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். ஈழத்துச் சிறுபத்திரிகை, கோயில் மலர், பள்ளிக்கூட மலர் என்று வேறெங்கும் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி வேண்டுமென்றால் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு. யார் யாரைப் பார்க்க என்ன எடுத்துக்கொண்டு போனார்கள், யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை என்று அந்த மனுஷர் எழுதிவைத்தது இல்லாவிட்டால் அந்த ஊரைக் கற்பனை செய்வதே கஷ்டம்.

சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, 1924இல் வரத் தொடங்கி ஆறு தொகுதி, அப்புறம் ஒரு பிற்சேர்க்கை. அதற்கும் முன்னால் 1862இல் வந்த வின்சுலோ அகராதி. ஒரு சொல் என் கதைக்காலத்தில் புழங்கியதா என்ற சந்தேகம் வந்தால் இரண்டிலும் பார்ப்பேன். இரண்டிலும் இல்லையென்றால் அந்தச் சொல் இல்லை என்று அர்த்தமில்லை, ஆனால் உஷாராகிவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் கொண்டுவந்த தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளைக் கதை எழுதுகிறவர்கள் நிறையப் பேர் அள்ளிக்கொள்கிறார்கள். அதில் தகவல் கொட்டிக் கிடக்கிறது, வாஸ்தவம். ஆனால் அந்த மனுஷர் ஜனங்களின் மண்டையை அளவெடுத்துக் கணக்கு எழுதியவர். அவர் எழுதியதை அப்படியே எடுத்துப் பாத்திரத்தின் வாயில் போட்டால், பாத்திரம் தன்னைப் பற்றியே வெளியாள் மாதிரி பேசும்.

நூலகத்துக்கெல்லாம் போக முடியாது. வேறு வழி?

உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். மொய் நோட்டு, கல்யாணச் செலவுக் கணக்கு, மளிகைக்கடைப் பற்று நோட்டு, ஜாதகக் கட்டு, தபால் கார்டு. மொய் நோட்டு ஒன்று கையில் இருந்தால் ஒரு ஊரின் சொந்தபந்தம், பகை, யார் யாருக்குச் சமம் என்று நினைத்துக்கொண்டார்கள் என்பது வரை படித்துவிடலாம்.

அப்புறம் பழைய பத்திரம். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாம் அலுப்பூட்டும் என்று நினைத்துத்தான் நானும் ஒதுக்கி வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றை ஒரு நாள் பொழுதுபோகாமல் வாசித்தேன். செக்குபந்தி விவரம் போட்டு, இன்னாருடைய மனைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு என்று போய்க்கொண்டே வந்து, நடுவில் "கிணற்றில் பாதி பாத்தியமும், புளியமரத்தில் மூன்றில் ஒரு பங்கு பாத்தியமும்" என்று வந்தது. ஒரு புளியமரத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள்! புளி உலுக்கும் நாளில் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? இதற்கு மேல் கதைக்கு என்ன வேண்டும்.

பணம், எடை, அளவு எல்லாம் குழப்புகிறதே?

1957 ஏப்ரல் 1க்கு முன்னால் நடக்கும் கதை என்றால் புதுப்பைசா கிடையாது. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. கிலோவும் லிட்டரும் அதற்குப் பிறகுதான் கடைக்கு வந்தன. அதற்கு முன்னால் பலம், வீசை, படி, மரக்கால். இதுவும் ஊருக்கு ஊர் மாறும், படி எல்லா ஊரிலும் ஒரே படி இல்லை. நான் விலையைக் கூடுமானவரை எழுதுவதில்லை. "நாலணா கொடுத்தான்" என்பதைவிட "கொடுத்த காசை அவள் எண்ணிப் பார்த்துவிட்டு இன்னும் கையை மடக்கவில்லை" என்று எழுதினால் தப்பு வராது, காட்சியும் இருக்கும்.

பழைய புத்தகத்தில் தேடினால் எதுவும் அகப்படுவதில்லை, ஏன்?

முக்கியமான காரணம், பழைய எழுத்து. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் அச்சான தமிழ்நாட்டுப் புத்தகங்களில் லை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த கொம்போடு இருக்கும், றா, னா, ணா எல்லாம் வேறு வடிவம். எழுத்துணரி மென்பொருள் இவற்றைக் கண்டபடி வாசித்துவைக்கும். அதனால் "சென்னை" என்று தேடினால் வராது. இன்னொன்று, எழுதும் முறையே வேறு. கிரந்த எழுத்து தாராளமாக வரும், சொற்களைச் சேர்த்துச் சேர்த்து எழுதியிருப்பார்கள், தேதியைத் தமிழ் வருஷம் தமிழ் மாதத்தில் போட்டிருப்பார்கள், சில இடங்களில் தமிழ் எண்கள் வேறு. க, உ, ங என்று வந்தால் எழுத்து என்று நினைத்துத் தாண்டிப்போய்விடாதீர்கள், அது 1, 2, 3.

எளிய வைத்தியம்: தேடாதீர்கள், புரட்டுங்கள். உங்கள் கதை நடக்கும் மாதத்துப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு பத்து நாள் இதழ்கள் வாசித்தால் போதும். எனக்குத் தேவையானது எதையும் தேடிக் கண்டுபிடித்ததில்லை, அதற்குப் பக்கத்துப் பத்தியில் கிடைத்ததுதான் அதிகம்.

வயதானவர்களிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது?

முதல் நாளே ரெக்கார்டரை எடுத்து வைத்தால் அவர்கள் மேடையில் பேசுகிற மாதிரி ஆரம்பித்துவிடுவார்கள். "அந்தக் காலத்துல எல்லாம் எப்படி இருந்தது பாட்டி?" என்ற கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள், "அந்தக் காலமே காலம்" என்றுதான் பதில் வரும். கையால் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். விறகு யார் பிளந்தா? தண்ணி எத்தனை குடம்? பிரசவத்துக்கு யார் வந்தா? அம்மி எந்த மூலையில இருந்தது? கை ஞாபகம் வைத்திருப்பதை வாய் மறந்திருக்கும், கேள்வி கைக்குப் போக வேண்டும்.

சும்மா கேட்டுக்கொண்டு மட்டும் இருக்காமல் ஏதாவது வேலையைக் கூடச் செய்துகொண்டே கேட்பது இன்னும் நல்லது. ஒரு பெரியம்மாவிடம் நான் மூன்று நாள் அவரைக்காய் நறுக்கிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் நாள்தான் விஷயம் வந்தது.

1914ஐ நேரில் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. ஆனால் பேச்சில் மிச்சம் இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றைக்கும் கில்லாடியையும் பயமுறுத்துகிற ஆளையும் சொல்கிறோம் இல்லையா, ஒரு ராத்திரி வந்துபோன கப்பலின் பெயர் அது. எங்கள் பாட்டி, கண்டிப்பான ஒரு மாமாவை "எம்டன்" என்பாள். அது கப்பல் என்று அவளுக்குத் தெரியாது. இதைக் குறிப்பில் இடது பக்கம் எழுதுவதா, வலது பக்கமா என்று ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன்.

கதை நடக்கும் இடத்துக்கு நேரில் போய்த்தான் ஆகணுமா?

முடிந்தால் போங்கள். தமிழில் இதைப் பிடிவாதமாகச் செய்தவர் ராஜம் கிருஷ்ணன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள், நீலகிரிப் படுகர்கள், கடலோர மீனவர்கள் என்று ஒவ்வொரு நாவலுக்கும் அந்த ஜனங்களிடமே போய் இருந்து, பேசி, பார்த்து எழுதியவர். சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக்காரர்கள் வரைக்கும் போயிருக்கிறார். நம்மில் பலர் பஸ் வசதி இல்லை என்று காரணம் சொல்கிறோம்.

நான் போனது பக்கத்தில்தான். சென்னை உயர் நீதிமன்ற மதிலில், எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் ஒரு பலகை இருக்கிறது. அங்கே பகலில் ஒருமுறை, ராத்திரி ஒன்பதரைக்கு ஒருமுறை நின்றேன். பகலில் எதுவும் தோன்றவில்லை. ராத்திரியில், இவ்வளவு பஸ் சத்தத்துக்கு நடுவிலும் துறைமுகப் பக்கமிருந்து இரும்பு இரும்பில் மோதும் சத்தம் ஒன்று வந்துகொண்டே இருந்தது. 1914இலும் துறைமுகத்தில் இரும்பு இருந்தது. அதை மட்டும் குறித்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போட்டோ எடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். போட்டோ கண்ணுக்கு மட்டும். வாசனை, காலடியில் என்ன, எந்தப் பக்கமிருந்து காற்று, உட்கார இடம் இருக்கிறதா, இதையெல்லாம் எழுதித்தான் வைக்க வேண்டும்.

எனக்குத் தெரியாத வட்டார வழக்கில் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் சொல்லைப் பொறுக்கி ஒட்டவைத்தால் நாலாம் வரியிலேயே தெரிந்துவிடும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் சொல்லகராதிகள் தொகுத்திருக்கிறார்கள், இருவரும் கதைக்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். அதை வாசிக்கும்போது சொல்லோடு நிறுத்தாமல் அந்தச் சொல் எந்த வாக்கியத்தில், யார் யாரிடம் பேசும்போது வருகிறது என்று பாருங்கள். வட்டார வழக்கு என்பது பாதிக்குமேல் வாக்கியத்தின் இழுவையிலும் முறை சொல்லிக் கூப்பிடுவதிலும்தான் இருக்கிறது. எழுதி முடித்ததும் அந்த ஊர்க்காரர் ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் எங்கே தடுக்கி விழுகிறாரோ அங்கே நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

இரண்டு புத்தகம் இரண்டு விதமாகச் சொன்னால்?

எம்டன் எத்தனை குண்டு போட்டது? ஒரு புத்தகத்தில் 125, இன்னொன்றில் 130. கோமளம் எண்ணிக்கொண்டா இருந்தாள்? எனக்கு அந்தச் சண்டையே வேண்டாம். அவள் ஏழு வரை எண்ணினாள், அப்புறம் அத்தை கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

ஆனால் சில முரண்பாடுகள் கதைக்கே தீனி. செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் இருந்தார், அவர்தான் சென்னைக்கு வழிகாட்டினார் என்று நம் ஊரில் ரொம்பக் காலமாகச் சொல்கிறார்கள். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்து பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக வேலை செய்துகொண்டிருந்தவர். கப்பலில் இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்றுதான் வரலாறு எழுதுகிறவர்கள் பலர் சொல்கிறார்கள். சரி, அதற்காக இந்தக் கதையைத் தூக்கிப் போடுவதா? நான் போடவில்லை. நாவலின் கடைசியில், முப்பது வருஷம் கழித்து ஒரு டீக்கடையில் ஒருவர் அதைச் சத்தியம் செய்து சொல்கிறார், கேட்கிறவர்கள் நம்புகிறார்கள். ஜனங்கள் நம்பியது என்பதும் நடந்த விஷயம்தானே. கதாசிரியர் குரலில் சொன்னால் தப்பு, டீக்கடைக்காரர் குரலில் சொன்னால் சரி.

ஆவணம் வாயை மூடிக்கொள்ளும் இடம் இன்னும் நல்லது. உடையார்குடிக் கல்வெட்டு ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் ரவிதாசன் முதலானவர்கள் என்று பெயர் சொல்லி, அவர்களுடைய சொந்தபந்தங்களின் நிலத்தைப் பறித்ததைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. அந்த ஒரு "ஏன்" இல்லாததால் எத்தனை பேர் எத்தனை ஆயிரம் பக்கம் எழுதிவிட்டார்கள்.

ஏஐயிடம் கேட்டால் ஆகாதா?

கேட்கலாம், எங்கே தேடுவது என்று கேட்க உதவும். தகவலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு ஒருமுறை இல்லாத தெருவையும் அதற்கு ஒரு பெயர்க்காரணத்தையும் சேர்த்துக் கொடுத்தது, பெயர்க்காரணம் அவ்வளவு அழகு. நானே கற்பனை செய்யலாமே, அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

கஷ்டப்பட்டுச் சேர்த்ததை எல்லாம் கதையில் போட ஆசையாக இருக்கிறதே?

தெரியும். டிராம் 1895இல் ஓட ஆரம்பித்தது, எழும்பூர் ஸ்டேஷன் கட்டி ஆறே வருஷம்தான் ஆகிறது என்று எனக்கும் கை அரித்தது. குண்டு விழுந்த மறுநாளிலிருந்து ஜனங்கள் மூட்டைமுடிச்சோடு ஊரைக் காலி செய்ததை எழுதும்போது ஸ்டேஷனைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். வெட்டினேன். ஸ்டேஷனில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கிறவள் கட்டடம் புதுசா பழசா என்று பார்க்கமாட்டாள், தம்பி கையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வாள். வலது பக்கத்தில் இல்லாதது எதுவும் கதைக்குள் வரக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் மீறியிருக்கிறேன், எந்த இடம் என்று சொல்லமாட்டேன்.

தெரிந்தவர்கள் வாழ்க்கையில் நடந்ததைக் குறித்துவைத்து எழுதலாமா?

குறித்துவைக்கலாம், யாரும் தடுக்க முடியாது. எழுதும்போது பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், ஊரையும் தொழிலையும் சேர்த்து மாற்றினாலும் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். என் முதல் சிறுகதையில் ஒரு சித்தியின் பேச்சை அப்படியே போட்டேன். கதை வந்த பத்திரிகை அவர்கள் வீட்டுக்கு வராது என்று தைரியம். பக்கத்து வீட்டுக்கு வந்தது. சித்தி ஒன்றரை வருஷம் பேசவில்லை. பேச ஆரம்பித்த அன்று சொன்ன முதல் வாக்கியம்: "நான் அப்படியா பேசுவேன்?" அப்படித்தான் பேசினார்கள், அந்த வாக்கியத்தையும் சேர்த்து. இப்போதெல்லாம் ஒருவர் தன் கஷ்டத்தைச் சொன்னால், எழுதுவேன் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் இன்னும் விவரமாகச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.

புத்தகம் வந்த பிறகு குறிப்பு நோட்டுகளை என்ன செய்கிறீர்கள்?

எம்டன் நாவலுக்கு மொத்தம் பதினோரு நோட்டு. ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். போன மழைக்காலத்தில் எடுத்துப் பார்த்தால் மூன்றைக் கரையான் தின்றிருந்தது. அதில் முதல் வருஷத்து நோட்டும் ஒன்று, கப்பலின் நீள அகலம் எல்லாம் எழுதியிருந்தேனே, அதேதான். மிச்சம் எட்டை இரும்பு அலமாரிக்கு மாற்றி வேப்பிலை போட்டிருக்கிறேன். இரவல் கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தரமாட்டேன், ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்க்கலாம். பென்சில் மட்டும்.